நாற்பதைத் தாண்டி நிதித்துறைக்கு மாற்றம்: எந்தத் திட்டம் கைகொடுக்கும்?

ஆட்குறைப்பில் வேலை போய், வயதும் நாற்பதைத் தாண்டிவிட்ட ஒருவர் வங்கி, முதலீடு, காப்புறுதி என்று நிதித்துறைப் பக்கம் திரும்ப நினைத்தால் சிங்கப்பூரில் அவர் முன் வந்து நிற்பவை முக்கியமாக நான்கு. அரசாங்க அமைப்பான ஊழியரணி சிங்கப்பூர் நடத்தும் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டம் ஒன்று. பேச்சு வழக்கில் எல்லாருக்கும் அது சிசிபி. அடுத்தது அரசாங்கத்தின் திறன்வளர்ப்பு இயக்கமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் எஸ்சிடிபி, அதாவது வேறு தொழிலுக்கு மாறுவோருக்கான பயிற்சி வகுப்புகள். மூன்றாவது, வங்கி, நிதித்துறைக் கழகமான ஐபிஎஃப் வழங்கும் ஆலோசனையும் தேர்வுகளும். நான்காவது நாம் தேடிப் போகாமலே நம்மைத் தேடி வருவது: காப்புறுதி முகவர் வேலை.

நான்கையும் எடைபோட்டுப் பார்த்த எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதலில் முதலாளி, பிறகு பயிற்சி என்ற வரிசையில் போகும் சிசிபிக்குத்தான் முதலிடம். படித்து முடித்துவிட்டு வேலை தேடுவது இரண்டாம்பட்சம். முகவர் வேலை சிலருக்குப் பொருந்தும். பலருக்குச் சேமிப்பைக் கரைக்கும். தேர்வுகளைப் பொறுத்தவரை, வேலை எதுவென்று தெரியாமல் கட்டும் தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் வீண்செலவு.

முதல் வாரக் கணக்கு

மாறுவதற்குக் கால அவகாசம் வேண்டும். அவகாசத்துக்குப் பணம் வேண்டும். வகுப்புப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்னால் கைக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஆட்குறைப்பு இழப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை. வேலை ஒப்பந்தத்திலோ தொழிற்சங்க உடன்பாட்டிலோ இருந்தால்தான் உறுதி. ஆனாலும் 2 ஆண்டு பணியாற்றியவர் கேட்டுப் பெறலாம். பணிக்காலத்தில் ஆண்டுக்கு 2 வாரச் சம்பளத்திலிருந்து 1 மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம். வேலை இழந்ததற்கான ஈட்டுத்தொகைக்கு வருமான வரி கிடையாது. முன்னறிவிப்புக்குப் பதிலாகத் தரும் சம்பளத்துக்கும் கடந்தகாலச் சேவைக்காகத் தரும் பணிக்கொடைக்கும் உண்டு. கடிதத்தில் எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டிருந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தக் கடிதத்தில் 'ஆட்குறைப்பு' என்று தெளிவாக இருக்க வேண்டும். "நீங்களே விலகியதாகப் போட்டுக்கொள்வோம், அடுத்த வேலைக்குப் போகும்போது பார்வைக்கு நன்றாக இருக்கும்" என்று சில இடங்களில் நைச்சியமாகச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், விருப்பமில்லாமல் வேலை இழந்தவர்களுக்கு மட்டுமே. குறைந்தது 10 ஊழியர்கள் உள்ள நிறுவனம், ஊழியரிடம் ஆட்குறைப்பைச் சொன்ன 5 வேலைநாளுக்குள் மனிதவள அமைச்சுக்கும் தெரிவித்தாக வேண்டும். ஆகவே சரியான கடிதம் கேட்பது ஒன்றும் சலுகை கேட்பதல்ல.

அந்த ஆதரவுத் திட்டத்தில் மாதச் சராசரி வருமானம் 5,000 வெள்ளி அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், 6 மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். முதல் மாதம் 1,500, அடுத்து 1,250, மூன்றாம் மாதம் 1,000, மீதி மூன்று மாதமும் 750. தொகை இறங்கிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். தானாக வரவும் வராது. வேலைக்கு விண்ணப்பிப்பது, வழிகாட்டியைச் சந்திப்பது, பயிற்சிக்குப் போவது என்று மாதம் 10 புள்ளிகள் சேர்த்தால்தான் அந்த மாதத் தொகை.

5,000க்கு மேல் சம்பாதித்தவர்களுக்கு இது இல்லை. ஆனால் 40 வயதைத் தொட்ட குடிமக்கள் அங்கீகரிக்கப்பட்ட முழுநேர வகுப்பில் சேர்ந்தால் மாதாந்தரப் பயிற்சிப் படி உண்டு: சமீபத்திய 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி, குறைந்தது 300, அதிகபட்சம் 3,000 வெள்ளி. 5,600 வெள்ளி சம்பாதித்தவருக்கு மாதம் 2,800. 8,000 சம்பாதித்தவருக்கும் 3,000தான். வாழ்நாளில் மொத்தம் 24 மாதம் வரை. இதைக் கையிருப்பாக நினைத்து நிதானமாகச் செலவழிக்க வேண்டும். முதலில் கண்ணில் பட்ட வகுப்பில் கரைத்துவிடக் கூடாது.

சிசிபி: பெயர்தான் திட்டம், உண்மையில் அது ஒரு வேலை

பலரும் தடுமாறும் இடம் இது. சிசிபிக்கு விண்ணப்பம் போடலாம் என்று இணையத்தளத்தில் தேடுவார்கள். தனியாள் நேரடியாக விண்ணப்பித்துச் சேரும் வகுப்பு அல்ல இது. நிறுவனம் ஒன்று உங்களை வேலைக்கு எடுக்க முன்வர வேண்டும். அந்த நிறுவனத்தின் வழியாக நீங்கள் திட்டத்துக்குள் போகிறீர்கள். முதல் நாளிலிருந்தே சம்பளம், மத்திய சேமநிதி, விடுப்பு எல்லாம் உண்டு. பயிற்சியின்போது உங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறது. பொதுவாக 70 விழுக்காடு வரை. 40 வயதான அல்லது 6 மாதத்துக்கு மேல் வேலையில்லாமல் இருக்கும் குடிமக்களுக்கு 90 விழுக்காடு வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு. இந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. இருந்தாலும் உங்கள் வயதைப் பார்த்துத் தயங்கும் மேலாளரிடம் நீங்கள் எடுத்துப் போடக்கூடிய வலுவான துருப்புச் சீட்டு இதுதான்.

வேலையில்லாமல் 6 மாதம் ஆனவர் கூனிக்குறுகி நிற்க வேண்டியதில்லை என்பதற்கும் இதுவே காரணம். 40 வயதாகாதவர் என்றால், அந்த இடைவெளிதான் நிறுவனத்துக்கு மானியத்தை உயர்த்துகிறது. 40ஐத் தாண்டியவருக்கு வயதே போதும்; காத்திருந்து இடைவெளியை நீட்டிப்பதில் லாபம் எதுவும் இல்லை.

செய்ய வேண்டியவை சுருக்கமாக. மைகேரியர்ஸ்ஃபியூச்சர் வேலைவாய்ப்புத் தளத்தில் அரசாங்க ஆதரவு என்ற வடிகட்டியில் சிசிபியைத் தேர்ந்தெடுத்து, நிதித்துறை வேலைகளை மட்டும் பாருங்கள். விண்ணப்பக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே, இந்தப் பணியில் முன் அனுபவம் இல்லை, சிசிபிக்குத் தகுதி உண்டு என்று ஒரு வரி எழுதுங்கள். ஏற்கெனவே அதே வேலையைப் பார்த்தவருக்குத் திட்டம் பொருந்தாது. எனவே பழைய வேலையை வங்கி வேலைபோலக் காட்ட ஜோடித்து எழுதினால் அதுவே எதிராகத் திரும்பும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், சிசிபிக்கு நிறுவனம் உண்மையிலேயே போகிறதா, எந்தப் பணிப்பெயரில், பயிற்சி எத்தனை மாதம், பயிற்சி முடிந்தபின் சம்பளம் என்ன என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது. சிறிய நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகளுக்குத் திட்டத்தின் நடைமுறை தெரியாமல் இருப்பது சகஜம். அவர்களை ஊழியரணியிடமோ ஐபிஎஃப்பிடமோ நேரடியாகப் பேசச் சொல்லுங்கள்.

குறை என்று பார்த்தால், இடங்கள் குறைவு, பெரிய வங்கிகளில் போட்டி கடுமை, சம்பளம் பழையதைவிடக் கீழே இறங்க வாய்ப்பு அதிகம். சம்பளத்தை ஒப்பிடும்போது மொத்தத்தைப் பாருங்கள். 55 வயதுவரை முதலாளி போடும் சேமநிதி 17 விழுக்காடு, உங்கள் பங்கு 20. 2026 ஜனவரி முதல் மாதச் சம்பள உச்சவரம்பு 8,000 வெள்ளி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கடன் சேமநிதிச் சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது என்றால், சம்பளம் குறையும்போது அந்தக் கணக்குக்குள் வருவதும் குறையும். தவணைக்கு அது போதுமா என்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும்.

'இந்த வயதில் எதற்கு எடுக்கப்போகிறார்கள்' என்று நினைப்பவர்களுக்கு: 2026 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 64, மறுவேலை வயது 69. 45 வயதுக்காரருக்கு இன்னும் 19 ஆண்டு கிடக்கிறது. நேர்முகத்தில் இதை நீங்களாகச் சொல்ல வேண்டாம். ஆனால் "எத்தனை நாள் இருப்பீர்கள்" என்று கேட்டால் தயங்காமல் சொல்லலாம்.

எந்த நாற்காலி?

நிதித்துறை என்றதும் பங்கு வணிகமும் முதலீட்டு ஆலோசனையும்தான் மனத்தில் வரும். நடுவயதில் உள்ளே நுழைய உண்மையில் இடம் இருப்பது பின்னறையில்: கேஒய்சி என்கிற வாடிக்கையாளர் சரிபார்ப்பு, விதிமுறை இணக்கம், கொடுக்கல் வாங்கல் தீர்வு, நிதி நிர்வாகம், வணிகக் கடன் ஆவணங்கள்.

கேஒய்சிக்கு ஆள் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் 10 வெளிநாட்டினரைக் கைதுசெய்து வெளிவந்த கள்ளப்பண வழக்கில் 3 பில்லியன் வெள்ளிக்கும் அதிகமான சொத்துகள் சிக்கின. அதன் தொடர்ச்சியாக 2025 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையம் 9 நிதி நிறுவனங்களுக்கு மொத்தம் 27.45 மில்லியன் வெள்ளி தண்டம் விதித்தது. வாடிக்கையாளரின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதைச் சரியாகத் துருவவில்லை என்பது குறைகளில் முக்கியமானது. துருவுவதற்கு ஆள் வேண்டும். பொறுமையும் சந்தேக புத்தியும் உள்ள ஆள் வேண்டும். வயது இங்கே பாரமல்ல.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரியாமல் நேர்முகத்துக்குப் போகிறார்கள். ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் சிங்கப்பூரில் பதிவான நிறுவனம். பங்குகள் தமிழ்நாட்டு வணிகக் குடும்பம் ஒன்றின் கையில். முதலில் நிறுவனங்களைப் பதியும் அரசாங்க அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் அறிக்கையை எடுத்து இயக்குநர், பங்குதாரர் பட்டியலைப் பார்க்க வேண்டும். பங்குதாரர் இன்னொரு நிறுவனம் என்றால் அதற்குப் பின்னால் யார், அதற்கும் பின்னால் யார் என்று, 25 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கும் உண்மையான மனிதர் தெரியும்வரை கிளைபிரித்து வரைய வேண்டும். பிறகு அத்தனை பெயர்களையும் தடைப்பட்டியல், அரசியல் செல்வாக்குள்ளோர் பட்டியல், பாதகமான செய்திகள் ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும்.

நம்மவர்களுக்குக் கைவரும் இடம் இதுதான். தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னால் இருக்கும்; இன்னொன்றில் விரிந்து பின்னால் வந்து நிற்கும்; கடப்பிதழில் தகப்பன் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறியிருக்கும். எஸ். குமாரும் குமார் சுப்பிரமணியமும் ஒரே ஆளாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மென்பொருள் ஒரு பெயருக்கு ஐம்பது பொருத்தங்களைக் கக்கும். பிறந்த தேதி, ஊர், தகப்பன் பெயர் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். ஏன் தள்ளினோம் என்று காரணமும் எழுத வேண்டும்.

கடைசியில் செல்வத்தின் மூலம். "பூர்வீக நிலம் விற்ற பணம்" என்று வாடிக்கையாளர் எழுதியிருப்பார். அது ஒரு வரி, ஆதாரமல்ல. கிரையப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், தகப்பன் காலமாகிவிட்டால் வாரிசுச் சான்றிதழ், பணம் வங்கியில் ஏறிய நாள். பத்திரத்தில் உள்ள விலையும் வங்கியில் வந்த தொகையும் பொருந்தாமல் இருப்பது ஊரில் நடக்கிற காரியம். கேஒய்சி அதிகாரி அதைக் கண்டுபிடித்து, கேள்வி கேட்டு, பதிலைப் பதிய வேண்டும். வங்கி எப்படியும் சான்றளித்த மொழிபெயர்ப்பைக் கேட்கும்தான். ஆனால் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்த்தவுடன் எது குறைகிறது என்று சொல்லத் தெரிந்தவர் இந்திய வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பிரிவில் விலைமதிப்புள்ளவர். தற்குறிப்பில் 'தமிழ் தெரியும்' என்று மொழிப் பட்டியலில் மட்டும் போட்டுவிட்டு இதை எழுதாமல் விடுகிறார்கள்.

புதியவர்களின் கோப்பு மேலாளரிடமிருந்து திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: சென்ற முறை எழுதியதை அப்படியே நகலெடுத்திருப்பார்கள். 'வணிக வருமானம்' என்று இரண்டே சொல்லில் முடித்திருப்பார்கள். என்ன வணிகம், எந்த ஆண்டிலிருந்து, ஆண்டு லாபம் எவ்வளவு, அந்த லாபத்தால் இவ்வளவு சொத்து சேர்வது நம்பக்கூடியதா என்று நான்கு வரியாவது வேண்டும். கள்ளப்பணத் தடுப்பு பற்றி வங்கிகளுக்கான நாணய ஆணைய அறிவிப்பு 626ஐ நேர்முகத்துக்கு முன் ஒருமுறை முழுதாக வாசித்துவிடுங்கள். ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பல நூறு வெள்ளி வகுப்பில் சொல்வதில் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது.

கப்பல், சரக்கு, தளவாடத் துறையிலிருந்து வருபவர்கள் வேறு எங்கும் அலைய வேண்டாம். வணிகக் கடன் பிரிவுக்குப் போங்கள். வாங்குபவர் சார்பில் வங்கி தரும் கடன் உறுதிக் கடிதத்தோடு வரும் ஆவணங்களை, அதற்கான அனைத்துலக விதிகளான யுசிபி 600இன்படி வங்கி அதிகபட்சம் 5 வங்கி நாளுக்குள் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். கப்பல் சரக்குச் சீட்டில் ஏற்றிய தேதி, துறைமுகப் பெயர், சரக்கு விவரிப்பு ஆகியவை உறுதிக் கடிதத்தோடு முரண்படுகின்றனவா என்று பார்ப்பதுதான் வேலையின் உயிர். பிஎஸ்ஏ துறைமுக முனையத்தில் அந்தச் சீட்டோடு பத்தாண்டு புழங்கியவருக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது விதிகளை மட்டும்தான்.

கொடுக்கல் வாங்கல் தீர்வுப் பிரிவுக்கு ஆலைத் தரக் கட்டுப்பாட்டிலிருந்து வருபவர்கள் நன்றாகப் பொருந்துவார்கள். ஒன்று மட்டும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கச் சந்தை 2024 மே 28 முதல் டி+1, அதாவது வணிகம் நடந்த மறுநாளே தீர்வு என்று மாறிவிட்டது. நேர வித்தியாசத்தால் ஆசியாவில் இருக்கும் குழுக்களுக்கு அதிகாலை, இரவு முறைகள் வரலாம். வேலை நேரத்தைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எஸ்சிடிபி: மானியம் பெரிது, உத்தரவாதம் சிறிது

2022 ஏப்ரலில் தொடங்கிய இந்தத் திட்டம் 3 முதல் 12 மாத வகுப்புகள். 40 வயதான குடிமக்களுக்குக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை மானியம். 6 மாதத்துக்கு மேல் வேலையில்லாதவர்கள் போன்ற சிலருக்கு 95 வரை. மீதியை 2024 மேயில் 40 வயதுக்காரர்களுக்குக் கிடைத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையிலிருந்து கட்டலாம். கைக்காசு அனேகமாகப் போகாது. அதனாலேயே யோசிக்காமல் சேர்ந்துவிடுகிறார்கள்.

செலவாவது காசல்ல, மாதங்கள். வகுப்பை நடத்தும் நிறுவனத்திடம் சேருமுன் இவற்றைக் கேளுங்கள். சென்ற குழுவில் எத்தனை பேர் படித்து முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் நிதித்துறையிலேயே வேலைக்குப் போனார்கள்? 'வேலை கிடைத்தது' என்ற கணக்கில் எந்த வேலையும் அடங்கும். வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் என்று சொல்லும் பட்டியலில் யார் கடைசியாக எப்போது ஆள் எடுத்தார்கள்? தரும் சான்றிதழுக்கு ஐபிஎஃப் அங்கீகாரம் உண்டா, அல்லது வருகைப் பதிவுக்கான காகிதமா? பாடம் நடத்துபவர் இப்போதும் துறையில் இருப்பவரா? இவற்றுக்கு நேரடிப் பதில் வராமல் கையேட்டை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

4,000 வெள்ளி எல்லா வகுப்புக்கும் செல்லாது. தேர்ந்தெடுத்த வகுப்புகளுக்கு மட்டுமே. பழைய 500 வெள்ளிக்குப் பரப்பு அதிகம். இரண்டையும் ஒன்றாக எண்ணிச் சேர்ந்துவிட்டுக் கட்டணம் கட்டும் நாளில் முழிப்பவர்கள் உண்டு. கோரிக்கையை மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மானியம் சிக்கலாகும். ஊரில் திருமணம் என்று இரண்டு வாரம் போய்வர நினைப்பவர்கள் கால அட்டவணையைப் பார்த்துச் சேருங்கள்.

எங்கள் மதிப்பீட்டில் எஸ்சிடிபி யாருக்கு? எக்செல்லில் பிவட் அட்டவணை போடத் தெரியாதவருக்கு, நிதிச் சொற்களே புதிதாக இருப்பவருக்கு, சிசிபிக்கு விண்ணப்பித்து மூன்று நான்கு மாதமாக ஒரு நேர்முகமும் வராதவருக்கு. மற்றவர்கள் சிசிபியை முதலில் முட்டிப் பார்க்கலாம்.

ஆலோசனையும் தேர்வுகளும்

ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் கழகக் கட்டடத்தில் உள்ள வேலைவாய்ப்பு உதவி நிலையமான இ2ஐ, ஊழியரணியின் வேலை வழிகாட்டிகள், ஐபிஎஃப்பின் ஆலோசகர்கள் என மூவரும் கட்டணம் வாங்குவதில்லை. தற்குறிப்பைச் செப்பனிடவும் ஆதரவுத் திட்டப் புள்ளிகளைச் சேர்க்கவும் முதல் இரண்டு போதும். ஆனால் அங்கே ஒரே வழிகாட்டி காலையில் சமையல்காரருக்கும் மாலையில் வங்கிக்காரருக்கும் வழி சொல்பவர். கேஒய்சிக்கும் உள்தணிக்கைக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. நிதித்துறை பற்றிய சந்தேகங்களை 1974லிருந்து இயங்கும் ஐபிஎஃப்பிடம் வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது "ஏதாவது வேலை" என்று போகாமல், மூன்று வேலை விளம்பரங்களை அச்செடுத்துக்கொண்டு போய், இதில் எனக்கு எது குறைகிறது என்று கேட்டால் அரைமணி நேரத்தில் உருப்படியான பதில் கிடைக்கும்.

தேர்வுகளில் பெரிய குழப்பம் சிஎம்எஃப்ஏஎஸ் பற்றியது. நிதி ஆலோசனை கூறுவது, முதலீட்டுப் பொருள் விற்பது போன்ற ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பணிகளுக்குத்தான் அது தேவை. கேஒய்சிக்கும் தீர்வுப் பிரிவுக்கும் வேண்டியதில்லை. வேலை கிடைத்தபின் நிறுவனமே கட்டணம் கட்டி எழுதச் சொல்லும் தேர்வை முன்கூட்டிக் கைக்காசில் எழுதுவது ஆர்வக்கோளாறு.

முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான சிஎஃப்ஏ நல்ல படிப்பு, தவறான நேரம். மூன்று நிலைகள், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 300 மணிநேரம் படிக்கச் சொல்கிறார்கள், முதல் நிலையில் மட்டும் 180 வினாக்கள், நாலரை மணிநேரம். மூன்றும் தேறினாலும் 36 மாதத்துக்குக் குறையாத, 4,000 மணிநேரத் தொடர்புள்ள பணி அனுபவம் இல்லாமல் பட்டம் போட்டுக்கொள்ள முடியாது. கள்ளப்பணத் தடுப்புக்கான கேம்ஸ் சான்றிதழ் (120 வினாக்கள், மூன்றரை மணிநேரம்) கேஒய்சிக்காரருக்குச் சம்பளத்தில் பயன் தரக்கூடியது. அதற்கு விண்ணப்பிக்கவே படிப்பு, அனுபவம், பயிற்சி எல்லாம் சேர்த்து 40 புள்ளிகள் வேண்டும்; உள்ளே நுழைந்து ஓராண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் (என்டியுசி) உறுப்பினராக இருந்தால் அதன் யூடேப் என்ற பயிற்சிக் கட்டண உதவியில் மானியம் போக மீதியுள்ள கட்டணத்தில் பாதி, ஆண்டுக்கு 250 வெள்ளி வரை, 40 வயதானவருக்கு 500 வரை திரும்பக் கிடைக்கும். சந்தாவை நிறுத்திவிடாதீர்கள்.

தேடி வரும் வாய்ப்பு

ஆட்குறைப்புச் செய்தியை லிங்க்ட்இன்னில் போட்ட மறுநாளே, "ஒரு காப்பி குடிக்கலாமா சார்" என்று செய்தி வரும். நேரம் நம் கையில், வருமானத்துக்கு எல்லை இல்லை, முதல் ஆண்டு உதவித்தொகை உண்டு என்பார்கள். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

காப்புறுதி முகவர் சுயதொழில் செய்பவர். முதலாளியின் சேமநிதிப் பங்கு இல்லை. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குக் கட்ட வேண்டும். சாதாரணக் கணக்குக்கு மாதா மாதம் பணம் வராததால் வீட்டுத் தவணையைக் கைக்காசாகக் கட்டும் நிலை வரும். வீட்டுக் கடனை மறுசீரமைக்க வங்கிக்குப் போனால் ஏற்ற இறக்கமான வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைத் தள்ளிவிட்டுத்தான் கணக்கிடுவார்கள்.

தரகுத் தொகையும் ஒரே தவணையில் வருவதில்லை. தொடர் சந்தாக் காப்பீடுகளுக்கு அதை 6 ஆண்டுகளிலோ, சந்தா கட்டும் காலம் அதைவிடக் குறைவென்றால் அந்தக் காலத்திலோ பரப்பித்தான் தர வேண்டும். முதல் ஆண்டில் மொத்தத்தில் 55 விழுக்காட்டுக்கு மேல் தரக் கூடாது என்பது விதி. வாடிக்கையாளருக்கு நல்ல பாதுகாப்பு. புதிதாக வருபவருக்கு முதல் இரண்டு ஆண்டு வறட்சி. உதவித்தொகை அந்த வறட்சியைத் தாண்டத்தான். ஆனால் அது விற்பனை இலக்கோடு கட்டியிருக்கும், இலக்கு தவறினால் அல்லது இடையில் விலகினால் திருப்பிக் கேட்கும் விதி சில ஒப்பந்தங்களில் உண்டு. ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படிக்க விடாதவரிடம் சேர வேண்டாம்.

தேர்வுகள் கடினமில்லை. சிங்கப்பூர்க் காப்புறுதிக் கல்லூரி நடத்தும் ஆயுள் காப்புறுதித் தேர்வான எம்9ல் 2 மணிநேரத்தில் 100 வினாக்கள், 70 விழுக்காடு தேர்ச்சி. சுகாதாரக் காப்புறுதித் தேர்வில் 50 வினாக்கள். இவற்றில் தேறுவதற்கும் விற்பதற்கும் தொடர்பே இல்லை. முதல் ஆறு மாதம் சொந்தக்காரர்களிடமும் பழைய சகாக்களிடமும் ஓடும். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த மருமகனை மாமா சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவார். அந்த வட்டம் தீர்ந்தபின் யாரிடம் போவது என்பதற்குப் பெயர் பெயராகப் பதில் இருந்தால் மட்டும் இறங்குங்கள். மருந்து விற்பனை, சொத்துச் சந்தை, மனிதவளம் என்று ஏற்கெனவே ஆள்பழக்கத்தில் வாழ்ந்தவர்கள் இதில் நன்றாகவே வந்திருக்கிறார்கள். உங்களை அழைப்பவரின் பெயரை நாணய ஆணையத்தின் பிரதிநிதிகள் பதிவேட்டில் தேடிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. எத்தனை நிறுவனங்களுக்குத் தாவியிருக்கிறார் என்பதும் தெரியும்.

கடன் அட்டை பாக்கியைக் குவியவிட்டு இந்தத் துறைக்குள் வர நினைக்காதீர்கள். முகவரானாலும் ஆலோசகரானாலும் 'தகுதியும் நேர்மையும்' என்ற ஆணையத்தின் அளவுகோலில் பொருளாதார நிலையும் அடக்கம். நொடித்துப்போனவர் என்று பதிவானால் கதவு ஏறக்குறைய மூடிவிடும். பாக்கி இருந்தால் வங்கியோடு பேசித் தவணை முறைக்கு மாற்றிக்கொள்வது முதல் வேலை.

ஒப்பந்த வேலை என்றால்

கேஒய்சி வேலைகளில் பல, ஆட்சேர்ப்பு நிறுவனங்கள் வழியாக 12 மாத ஒப்பந்தமாக வரும். வங்கி மாடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பீர்கள். சம்பளச் சீட்டு வேறு பெயரில் இருக்கும். மட்டமாக நினைக்க வேண்டாம். நிரந்தர இடத்துக்கு வேண்டிய 'முன் அனுபவம்' என்ற கட்டத்தை நிரப்ப இதைவிட வேகமான வழி இல்லை.

கேட்க வேண்டியவை மட்டும் வேறு. சட்டப்படியான முதலாளி யார்? சேமநிதியை யார் கட்டுகிறார்கள்? முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு? குழுவில் சென்ற ஆண்டு ஒப்பந்தத்திலிருந்து நிரந்தரமானவர்கள் இருக்கிறார்களா? தேங்கிப்போன கோப்புகளைத் தீர்க்க எடுக்கிறார்களா, அன்றாட வேலைக்கா? தேக்கத்தைத் தீர்க்க என்றால் தேக்கம் தீர்ந்ததும் ஒப்பந்தமும் தீரும். எட்டாவது மாதத்திலேயே அடுத்த இடம் தேடத் தொடங்க வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து வகுத்த முத்தரப்புத் தரநிலையை ஏற்ற நிறுவனங்கள், 14 நாளோ அதற்கு மேலோ நீளும் ஒப்பந்தங்களை ஒரு மாதத்துக்குள் புதுப்பித்தால் விடுப்புக் கணக்கில் தொடர்ச்சியான பணியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஆட்சேர்ப்பு நிறுவனம் அந்தத் தரநிலையை ஏற்றிருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.